குனிய வைக்காத அடுப்பு

பீப்பாயை வாங்கிய முதல் ஆறு மாதத்தில் நான்கே முறைதான் பற்றவைத்தேன். 200 லிட்டர் இரும்பு டிரம். சமையல் எண்ணெய் வந்தது என்று பழைய இரும்புக் கடைக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்தது. அடிப்பக்கம் நான்கு துளை, மூடியில் நான்கு துளை, உள்ளே கரி கொட்ட ஒரு கம்பிக்கூடை, அதற்கு ஒன்றரை முழம் மேலே கறி வைக்க ஒரு கம்பித் தட்டு. கருவி இவ்வளவுதான். வெளிநாட்டில் ஸ்மோக்கர் என்கிறார்கள். எங்கள் வீட்டில் பீப்பா அடுப்பு. கரியையும் கறியையும் ஒரே நாளில் வாங்கப் போனால் பெரிய தொல்லை. இரண்டு எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் பக்கத்துப் பேச்சில் எப்போதோ தொலைந்துவிட்டது. "எந்தக் கரி சார், எரிக்கிறதா திங்கறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடைப் பையன் தராசைத் தொடுவான்.

ருசியில் குறை சொல்ல முடியாது. உப்பும் மிளகும் தடவிய ஆட்டுத் தொடையை ஆறு மணி நேரம் புகையில் விட்டால் எலும்பு தானாகக் கழன்று வரும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பீப்பாயை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது கறி இல்லை, இடுப்பு. சாம்பல் அள்ள வேண்டுமானால் பாதி உடம்பை டிரம்முக்குள் கவிழ்க்க வேண்டும். அடித்துளையைத் திறக்கவும் மூடவும் மண்டியிட வேண்டும். மூடியை எடுத்தால் வைக்க இடம் கிடையாது. கொதிக்கிற தகரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கறியைப் புரட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து மொத்தப் புகையும் முகத்துக்கு வரும்.

பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா நான்காவது ஞாயிறன்று வாய் திறந்தார். "இதுக்கா காசு குடுத்து வாங்கியாந்த?"

கேள்வியில் கேலி இருந்தது. கேலிக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

ஒரு நிபந்தனையை அம்மா முதல் நாளே போட்டிருந்தார். "ஆடு வையி, மீன் வையி. பறவைய மட்டும் இந்த ஊர்ல வேணாம்ப்பா." திருப்புட்குழிக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். புள் என்றால் பறவை. குழி என்றால் குழிதான். ராவணனை மறித்துச் சிறகிழந்த ஜடாயுவுக்கு ராமன் தன் கையால் தீ மூட்டிய இடம் இது என்பது ஊரின் நம்பிக்கை. பெருமாள் விஜயராகவன்; குளத்துக்குப் பெயர் ஜடாயு தீர்த்தம். திருமங்கையாழ்வார் பாடியதால் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. வைத்தீஸ்வரன்கோயிலிலும் ஒரு ஜடாயு குண்டம் உண்டு; பறவை எரிந்த இடம் தங்களுடையதுதான் என்று அவர்களும் சொல்வார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. தகப்பனுக்குச் செய்யக் கிடைக்காத கடனை ஒரு கழுகுக்குச் செய்தான் என்பதில் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் கோழியைப் புகையில் தொங்கவிட எனக்கும் கை வரவில்லை. ஆட்டுக்கு இந்தச் சலுகை ஏன் இல்லை என்று கேட்டால் அம்மாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

தீ சம்பந்தப்பட்ட இன்னொரு நம்பிக்கையும் இந்தக் கோயிலில் உண்டு. பிள்ளை வேண்டி வரும் பெண்கள் குளத்தில் முழுகி, வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் முளை விட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் வரம் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். வறுத்த பயறு எப்படி முளைக்கும் என்று பள்ளிக்கூட வயதில் வாத்தியாரிடம் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். இப்போது 110 டிகிரியில் ஆறு மணி நேரம் பீப்பாயோடு உட்கார்ந்திருக்கும்போது, வறுப்பது என்பதிலேயே எத்தனை பதம் இருக்கிறது என்று தோன்றுகிறது. அது கிடக்கட்டும்.

அம்மாவின் சமையலறையைச் சொல்ல வேண்டும். அப்பா பட்டு நெசவாளி. வீட்டின் முன்கட்டு முழுக்கத் தறி. பின்கட்டில் ஒண்டிக்கொண்டு ஓர் அடுப்பு. மண்ணால் போட்ட இரட்டை அடுப்பு, தரையோடு தரையாக. விறகு பெரும்பாலும் சவுக்கு, கிடைக்காத காலத்தில் முள். புகைபோக்கி கிடையாது; ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடும் அதன் பக்கத்தில் ஒரு சந்தும்தான். அடுப்புக்கு நேர் மேலே ஒரு பரண். அதில் விதைப் பயறு, புளிப்பானை, மழைக்காலத்துக்கு ஒதுக்கிய விறகு. பரண் கட்டையிலிருந்து குறுக்கே ஒரு கயிறு ஓடும். வருஷத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் பொங்கலுக்கு ஆடு அடித்த பிறகு, அந்தக் கயிற்றில் உப்புக்கண்டம் தொங்கும். உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவிய துண்டுகளை நூலில் கோத்து, பகலில் மொட்டை வெயிலில் காயவைத்து, இரவில் அடுப்பு மேலே கட்டிவிடுவார். வெயில் பாதி வேலையைச் செய்யும், மீதி வேலையைப் புகை செய்யும். பூச்சி அண்டாது, பூஞ்சை பிடிக்காது. ஆடி மாதம் கறி வாங்கக் காசில்லாதபோது நான்கு துண்டு எடுத்து இடித்துக் குழம்பில் போட்டால் தெருவே மணக்கும்.

ஸ்மோக்கர் என்று நான் காசு கொடுத்து வாங்கிய பொருள், பரண் கயிறு என்ற பெயரில் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அதை இயக்கிக்கொண்டிருந்தவர் அம்மா. அதன் புகையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவரும் அவரே. காலையில் அடுப்பு ஊதிவிட்டு வந்து ராட்டையில் நூலைத் தாராகச் சுற்ற உட்காரும்போது கண் சிவந்து நீர் வழியும். நூலில் நீர் விழக்கூடாது என்று முந்தானையை முகத்தில் அழுத்திக்கொள்வார். அழுகிறார் என்று சின்ன வயதில் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இதே வீட்டில் அப்பாவின் தறியைப் பாருங்கள். குழித்தறி. நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். குழியின் ஆழம் இத்தனை அடி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. யார் உட்காரப் போகிறாரோ அவர் கால் அளவு. அப்பா இந்தத் தறிக்கு வந்தபோது முதல் வேலையாகப் பழைய குழியை நான்கு விரல்கடை ஆழப்படுத்தினார் என்று சொல்வார்கள். தாத்தாவைவிட அவர் உயரம். நெய்த துணி சுருளும் படைமரம் மடியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், நாடாவை எறியும் கை தோளுக்கு மேலே போகக்கூடாது என்றெல்லாம் அவருக்குக் கணக்கு உண்டு. பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிற உடம்புக்கு அந்தக் கணக்கு வேண்டும். அம்மாவின் அடுப்பை அம்மாவின் உடம்புக்கு யாரும் அளந்து போடவில்லை. மாமியார் எங்கே குத்தவைத்து ஊதினாரோ அங்கேயே மருமகளும் குத்தவைத்து ஊதினார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. புகையில்லா அடுப்பு என்ற சொல் இந்த நாட்டில் பழையது. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு கோடானுகோடி வீடுகளுக்குப் புகையற்ற சமையலறை என்ற கனவோடு 1953இல் எழுதிய சிறுநூல் சென்னையில்தான் அச்சானது. பிறகு மத்திய அரசு 1983 தொடங்கி 2002 வரை மேம்படுத்திய அடுப்புகளை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்று கோடிக்கும் அதிகமான அடுப்புகள். அவற்றில் ஏராளமானவை கொஞ்ச நாளிலேயே உடைந்தன, அல்லது விறகு அடுக்கும் மேடையாயின. வாய் சிறியது, பெரிய விறகு நுழையாது, பாத்திரம் உட்காராது, குழாயில் கரி அடைத்தால் சுத்தம் செய்ய ஆள் இல்லை. இவையெல்லாம் அடுப்பு முன்னால் ஒரு வாரம் குத்தவைத்தவர் முதல் நாளே சொல்லியிருக்கக்கூடிய குறைகள். கேட்கத்தான் ஆள் இல்லை.

கேட்டபோது என்ன நடந்தது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் தலைநகர் அக்ராவை ஒட்டி சோர்கோர் என்று ஒரு மீனவக் குப்பம். அங்கே கடலிலிருந்து வரும் மீனைப் புகைபோட்டு விற்பது பெண்களின் தொழில். வட்டமான மண் அடுப்பு. ஒரு வரிசை மீனுக்கு மேல் பிடிக்காது. ஒவ்வொரு மீனாகக் கையால் புரட்ட வேண்டும். கை வெந்துபோகும், கண் போகும். 1970 வாக்கில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் கானாவின் உணவு ஆராய்ச்சி நிறுவனமும் அந்தப் பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து அடுப்பை மாற்றின. வட்டம் போய்ச் செவ்வகம் வந்தது. மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துக்கும் மேலே அடுக்கலாம். அடுக்கிய தட்டுகளே புகைக்கூண்டு ஆகிவிடும். மீனைப் புரட்ட வேண்டாம். கீழ்த்தட்டை மேலேயும் மேல்தட்டைக் கீழேயும் மாற்றினால் போதும். விறகும் குறைந்தது. ஊர்ப் பெயரே அடுப்பின் பெயராகி, மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. அதில் சிக்கலான இயந்திரம் ஒன்றும் இல்லை, மண்ணும் பலகையும்தான்.

அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் நிற்கும் உருண்டை அடுப்பின் பிறப்பும் இதே சாடைதான். சிகாகோ பக்கத்தில் நீர்வழி மிதவைகள் செய்த வெபர் பட்டறையில் வேலை பார்த்தவர் ஜார்ஜ் ஸ்டீபன். திறந்த அடுப்பில் காற்றும் சாம்பலும் கறியைக் கெடுக்கிற எரிச்சலில், 1952இல் ஒரு மிதவையைக் குறுக்கே வெட்டி, கீழ்ப்பாதிக்குக் கால், மேல்பாதிக்குக் கைப்பிடி வைத்தார். மூடியில் காற்றுத் துளை போட்ட பிறகுதான் தீ அணையாமல் நின்றது. சமைத்து அலுத்தவன் செய்த மாற்றம்.

என் பீப்பாய்க்குத் திரும்புகிறேன். அதைத் திருத்தியவர்கள் முக்கியமாக மூன்று பேர். அவர்களில் நான் இல்லை.

முதல் ஆள் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் அண்ணன். இப்போது பல ஊர்களில் எரிவாயுப் பெட்டி வந்துவிட்டது. இவர் இன்னும் கரிப்பெட்டிதான். நான் பீப்பாயில் சூட்டைக் கூட்ட வேண்டுமென்றால் கரியை அள்ளிப் போடுவேன். குறைக்க வேண்டுமென்றால் தண்ணீர் தெளிப்பேன். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கரியை ஏன் தொடறீங்க? காத்தைத் தொடுங்க." அவருடைய பித்தளைப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் வரிசையாகத் துளை, பின்னால் ஒரு சின்னக் கதவு. பட்டுப்புடவைக்குக் கதவை மூடி வைப்பார், காடாத் துணிக்குத் திறந்துவிடுவார். ஒரு தடவை போட்ட கரி மதியம் வரை வரும். கனலைக் கொட்டாங்குச்சியில் பிடிக்கவும் அவரிடமே கற்றேன்: ஒரு தகர டின்னின் அடியைத் துளைத்து, கீழே இரண்டு கொட்டாங்குச்சி, மேலே ஒரு பிடி கரி. விசிற வேண்டாம், ஊத வேண்டாம், கால் மணி நேரத்தில் சிவந்துவிடும். அந்தச் சிவந்த பிடியைக் கூடை நிறைய இருக்கும் கறுப்புக் கரியின் உச்சியில் வைத்தால் தீ மேலிருந்து கீழே மெல்ல இறங்கும். பீப்பாயின் ஆறு மணி நேரத்துக்கு அதன் பிறகு கரி சேர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

புகையின் நிறம் பார்ப்பதும் அவர் சொன்னதே. வெள்ளையாகக் குப்குப்பென்று வந்தால் காற்று போதவில்லை. அப்போது கறியை வைத்தால் கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் லேசான நீலத்தில் ஓடினால் சரி. இதன் ரசாயனத்தைப் பிறகு படித்துக்கொண்டேன். நன்றாக எரிந்த கரியில் புகை கிடையாது. அது சூட்டுக்கு மட்டும். மணம் வருவது கனல்மேல் போடும் விறகுத் துண்டிலிருந்து. மரத்தின் உறுதிக்குக் காரணமான லிக்னின் சூட்டில் உடையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற பொருள்கள் பிரிகின்றன. நாம் புகைமணம் என்று சொல்வது பெரும்பாலும் அவற்றை. எங்கள் பக்கத்துக்குக் கொய்யாவும் மாவும் சரியாக இருக்கின்றன. வேம்பு கூடாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய கதவு எதுவுமே கூடாது. கம்பித்தட்டுக்குத் துத்தநாகம் பூசிய வலையைப் போடுகிறார்கள். அதையும் தவிர்க்க வேண்டும், சூட்டில் அது விடும் ஆவி நஞ்சு. டிரம்மையே முதலில் வெறுந்தீயில் நன்றாக எரித்து, உள்பூச்சு முழுக்கப் போன பிறகுதான் பழக்க வேண்டும்.

நான்காவது மணி நேரத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். கறியின் உள்சூடு 65, 70 டிகிரிக்கு வந்ததும் நின்றுவிடும். ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு, வெப்பமானியின் முள் அசையாது. புதிதாகச் செய்கிறவர்கள் பதறிப்போய்க் காற்றைத் திறந்து தீயைக் கூட்டி எல்லாவற்றையும் கெடுப்பது இங்கேதான். கறியின் மேலே நீர் ஆவியாகி, வரும் சூட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறதோ அதே கணக்கு. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "வேகறது வேகும், மூடு" என்றார்.

இரண்டாவது ஆள் அம்மாதான். படியில் உட்கார்ந்து கேலி செய்தவர் ஒரு வருஷத்துக்குப் பிறகு எழுந்து வந்தார். மூன்று விஷயங்களைக் காட்டினார்; காட்டிய விதத்தில், அவை புதிதாக யோசித்தவை இல்லை என்று தெரிந்தது. "மொதல்ல இத ஏத்திப் போடு. அடுப்பு இடுப்புக்கு வரணும், இடுப்பு அடுப்புக்குப் போகக்கூடாது." பட்டறையில் நான்கு கால் வைத்து ஒரு இரும்புச் சட்டம் அடித்து, பீப்பாயை அதன்மேல் ஏற்றினோம். உயரம் கூடியதால் மேலே எட்டாமல் போய்விடும் என்று அவரே சொல்லி, டிரம்மின் மேல்பகுதியில் ஒரு சாண் அறுத்துக் குறைக்கவும் வைத்தார். அடுத்தது சாம்பல். கரிக்கூடைக்குக் கீழே ஒரு தாம்பாளம், கூடையையும் தாம்பாளத்தையும் சேர்த்துப் பிடிக்க நீளமான கம்பி, கிணற்று வாளிக்கு இருப்பதுபோல் மேலே ஒரு வளைவு. கொக்கியை மாட்டி இழுத்தால் கூடை, கரி, சாம்பல் எல்லாம் ஒரே இழுப்பில் மேலே வந்துவிடும். தலையை உள்ளே விட வேண்டாம். "மூணாவது, மூஞ்சில அடிக்குதே அது." மூடிக்கு ஒரு கீல் போட்டு, பழைய சைக்கிள் சங்கிலியால் பின்பக்கம் கட்டினோம். இப்போது மூடி என்னை நோக்கித் திறப்பதில்லை. எனக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கிறது, புகையும் அந்தப் பக்கமே போகிறது. அடித்துளைகளில் மூன்றை அடைத்துவிட்டு, நான்காவதில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி, அதை இடுப்பு உயரத்துக்கு வளைத்து, நுனியில் தண்ணீர்க் குழாய் வால்வு வைத்தது பட்டறைக்காரரின் யோசனை. மண்டியிட்ட காலம் போய், நின்றபடியே கட்டைவிரலால் காற்றைத் திருப்புகிறேன்.

எல்லாம் முடிந்தபிறகு அம்மா பீப்பாயைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மூடியைத் திறந்தார், மூடினார். "இத அன்னிக்கே யாரும் பண்ணலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. 2006 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு இலவச எரிவாயு அடுப்பு வந்தபோது அவர் மண் அடுப்பைக் கடப்பாறையால் தானே இடித்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. பரணும் அன்றைக்கே போயிற்று. அவர் ஒரு வழியாகத் துரத்தி அனுப்பிய புகையை, மகன் பொழுதுபோக்குக்காகக் கொல்லை வழியாகத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறான். நான்காவது ஞாயிற்றின் கேலிக்கு அடியில் இருந்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுக்காரர். அவரும் நெசவு. என் பீப்பாய் முதலில் நின்ற இடம் கொல்லையின் மேற்குச் சுவர் ஓரம். அது வசதி, தண்ணீர்க் குழாய் பக்கம், வாதாமர நிழல். ஒரு ஆடி ஞாயிறு காலை அவர் தெருவில் பாவு நீட்டியிருந்தார். பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து, இளவெயிலில் உலர்த்துகிற வேலை. விடியும்போது தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். நான் அதே நேரத்துக்குப் பற்றவைத்தேன். ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஈரமான கஞ்சிப் பாவின்மேல் புகைக்கரி படிந்தால் என்ன ஆகும் என்று நெசவாளி மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் பாவு அது. பட்டுக்கு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் உண்டு. முகூர்த்தப் புடவையில் ஆட்டுக்கறி மணம் வந்தால் யார் வாங்குவார்? உள்ளே தறியில் இருந்த சரிகையைப் பற்றியும் அவர் பயந்தார். பட்டிழைமேல் வெள்ளி சுற்றித் தங்கமுலாம் பூசியது சரிகை. வெள்ளி கறுத்துவிட்டால் முலாம் காப்பாற்றாது.

அவர் சத்தம் போடவில்லை. சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து, "தம்பி, இன்னும் ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்துக்க முடியுமா? பாவு எடுத்துடறேன்" என்றார். நான் ஆடிப்போய்விட்டேன். வால்வை மூடினேன், மேல்துளைகளை அடைத்தேன். காற்றில்லாமல் பத்து நிமிஷத்தில் தீ அடங்கிற்று. நல்லவேளை, பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் பீப்பாயைக் கிழக்கு மூலைக்கு மாற்றினேன். ஆனி ஆடி மேல்காற்றில் புகை வயல் பக்கம் போய்விடும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வீசத் தொடங்கினால் மறுபடி யோசிக்க வேண்டும். அதற்காகச் சட்டத்தின் இரண்டு கால்களில் உருளை மாட்டியிருக்கிறேன். அவர் வீட்டில் பாவு போடும் நாளை முந்தின இரவே கேட்டுக்கொள்கிறேன். கருவியை நமக்குச் சுலபமாக்குவது எப்படி என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள். பக்கத்து வீட்டுக்குச் சுலபமாக்குவதைச் சுவருக்கு மேலே எட்டிப்பார்க்கிற ஒருவர்தான் சொல்லித் தர முடியும்.

புகைபோட்ட உணவைத் தினமும் தின்னக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உப்பிட்டும் புகைபோட்டும் பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு. கரி எரிந்த பாத்திரத்தைக் குளிருக்காகவோ மழைக்காகவோ மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சாம்பலுக்குள் கனல் மறுநாள் வரை உயிரோடு இருக்கும். குப்பையில் கொட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றுங்கள்.

இனி கரி. இதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

எங்கள் கடையில் கிடைக்கும் கரி பெரும்பாலும் சீமைக் கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்து மூட்டங்களிலிருந்து வருகிறது. 1870களில் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக்கு விதை தருவித்தார்கள். இப்போது கண்மாயையும் ஓடையையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை அழிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் புகைபோட உயர்த்திப் பேசும் மெஸ்கீட் மரமும் இதே குடும்பம், சகோதரி மரம். அங்கே அதன் துண்டுகளைப் பையில் போட்டு விற்கிறார்கள். இங்கே அதன் சகோதரியைப் பிடுங்க ஆள் வைக்கிறோம்.

மூட்டம் என்பதும் ஒரு தலைகீழ் பீப்பாய்தான். விறகைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்துவிட்டுத் துளைகளைப் பார்த்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். காற்று அதிகம் போனால் எல்லாம் சாம்பல். போதாவிட்டால் பாதி விறகு. மண் எங்கேயாவது வெடித்தால் ராத்திரி ஆனாலும் ஓடிப்போய் அடைக்க வேண்டும். வெள்ளைப் புகை நீலமாக மாறினால் பதம். இஸ்திரி அண்ணன் எனக்குச் சொன்ன அத்தனையும் அவர்களுக்குத் தெரியும். நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி கிடைக்கும். கனல் அடங்காத மூட்டத்தைக் கிளறிக் கரி பொறுக்குகிறவர்களுக்குக் கொக்கியும் இல்லை, வால்வும் இல்லை. குனிந்துதான் பொறுக்க வேண்டும். என் இடுப்பிலிருந்து நான் இறக்கி வைத்தது எங்கே போயிற்று என்று தேடினால் அங்கே கிடக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2019 ஜூலையில் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அன்றைக்குப் பக்கத்து மாவட்டமாக இருந்த வேலூரிலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர்கள், குழந்தைகளும் இருந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் அப்போது பல பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படத்தில் அவர் முதுகு தெரியும்.

போன மாதம் அம்மா கேட்டுக்கொண்டதால் உப்புக்கண்டம் போட்டோம். பகலில் மொட்டை மாடி வெயில், மாலையில் பீப்பாயில் கம்பித்தட்டை எடுத்துவிட்டுக் குறுக்கே கயிறு. ஐந்து நாள். அம்மா நின்றபடியே ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். கரி தீர்ந்திருந்தது. புதிய மூட்டை வாங்கி வந்து பின்கட்டில் இறக்கினேன். பழைய உரச்சாக்கில் கட்டியிருந்தார்கள். சாக்கின்மேல் யூரியா என்றும் 45 கிலோ என்றும் அச்சிட்டிருந்தது. கரி எந்த ஊரில் எரிந்தது என்று எதுவும் எழுதியிருக்கவில்லை.